சுவரினுள் இருந்த கம்பி



ஒரு தேவைக்காக இழுத்த கம்பி, பின்னர் எவரும் எண்ணாத மற்றொரு தேவைக்கும் உதவுவதுண்டு. கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1973ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பார் ஈதர்நெட் என்னும் இணைப்பு முறையை வகுத்தார். தொடக்கத்தில் அதற்குத் தடித்த வடம் ஒன்று வேண்டியிருந்தது. கணினிகள் யாவும் அந்த ஒரே வடத்தைப் பற்றி நின்றன. ஓரிடத்தில் அது அறுந்தால் அனைத்தும் ஊமையாயின. கட்டி முடித்த கட்டடத்தில் அதனைப் புகுத்துவதோ பெருஞ்செலவு.

ஆயின், அலுவலகச் சுவர்களுக்குள் தொலைபேசிக் கம்பி முன்னரே இருந்தது. அது முறுக்கிய இரட்டைக் கம்பி. 1881இல் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற முறை. இழைகளை முறுக்கிவிட்டால் புறத்து இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவாகப் படியும். இரண்டன் வேறுபாட்டை மட்டும் கேட்கும் கருவி அவ்விரைச்சலை நீக்கிவிடும். மேலும், ஒவ்வோர் அறையின் கம்பியும் தனித்தனியே ஒரு பொது அலுமாரியை வந்தடையும். அங்கே ஓர் இணைப்புப் பெட்டியை வைத்தால், ஒரு கம்பி கெட்டாலும் ஏனைய அறைகள் இயங்கும்.

இவ்வழியில் எழுந்த ஸ்டார்லேன் முறை 1987இல் தரநியமமாயிற்று. விநாடிக்குப் பத்து இலட்சம் குறிகளை அது அனுப்பியது. 1990இல் வந்த அடுத்த தரநியமம் 100 மீற்றர் தூரத்துக்கு விநாடிக்கு ஒரு கோடி குறிகளை அனுப்பியது. 1998இல் வீட்டுத் தொலைபேசிக் கம்பிக்கும் ஒரு முறை வகுக்கப்பட்டது. பேச்சு தாழ்ந்த அதிர்வெண்ணிலும் கணினிக் குறிகள் உயர்ந்த அதிர்வெண்ணிலும் சென்றமையால், ஒன்றையொன்று குழப்பவில்லை.

இனி, நம் ஊவாவை நோக்குவோம். பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களில் தொலைபேசி துரை பங்களாவிலும் கந்தோரிலும் ஒலித்தது. லயக் காம்பிராக்களில் ஒலிக்கவில்லை. கம்பியில்லாச் சுவருக்கு மேற்சொன்ன உத்தி எதுவும் பயன்படாது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஊவா மலைகளில் பிள்ளைகள் கைப்பேசி அலை தேடிக் குன்றேறிப் பாடம் கேட்க நேர்ந்தது. பழைய குறை புதிய வடிவிலே வெளிப்பட்டது.

2016இல் இந்திய உதவியுடன் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கென 4,000 வீடுகள் கட்டும் திட்டம் தொடங்கியது. இத்தகைய வீடுகள் எழும்போதே சுவரினுள் கம்பி செல்ல ஒரு குழாய் பதித்துவைப்பது சிறு செலவே. நாளை அதன்வழி எது செல்லும் என்பதை இன்று நாம் அறிய வேண்டுவதில்லை. தொலைபேசிக் கம்பி இழுத்தோரும் கணினியை அறிந்திருக்கவில்லை.