ஆராய்ச்சிக் கொடையும் கடைமடையும்

கடல் கடந்து சென்று ஆராய்ச்சி செய்வோர்க்குப் பிறர் பொருள் கொடுத்து உதவும் வழக்கம் நம் தஞ்சைத் தரணிக்குப் புதியதன்று. கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன் ஆங்கிலப் பாடத்தில் தவறியமையால், அவ்வூர் அரசினர் கல்லூரியில் பெற்று வந்த உதவித்தொகையை இழந்தார். பட்டம் பெறாமலே சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 1912-ஆம் ஆண்டு எழுத்தர் பணியில் அமர்ந்தார். அவரது ஆற்றலை உணர்ந்தோர் எடுத்துரைத்ததன் பேரில், சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே மாதம் முதல் திங்கள்தோறும் ரூ.75 ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிற்று. மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் சென்று தங்க ஆண்டொன்றுக்கு 250 பவுன் அளித்தது. அதிலிருந்து மாதம் 60 ரூபாயை ஊரிலிருந்த குடும்பத்தாருக்கு அனுப்பிவிடுமாறு இராமானுஜன் ஏற்பாடு செய்துவிட்டுக் கப்பலேறினார்.

இவ்வரலாற்றை நம் மாணவர்கள் பாடநூலில் படிக்கின்றனர். பாடநூல் அழுத்திச் சொல்லாத ஒன்றை ஈண்டுக் குறிப்பிட விரும்புகிறோம். பட்டமில்லாத ஒருவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை அளிக்க அன்றைய விதி இடந்தரவில்லை. ஆயினும் வழி காணப்பட்டது. மேதைமை ஒரு காரணம். அம்மேதைமையை ஆட்சிக் குழுவின் காதில் போடுவதற்கு அறிந்தவர்கள் இருந்தது மற்றொரு காரணம். சேரியில் பிறந்த பிள்ளைக்கு அந்நாளில் இவ்விரண்டாவது காரணம் அறவே இல்லை.

அதே 1913-ஆம் ஆண்டில்தான் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் அமெரிக்கா சென்றார்கள். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மூன்றாண்டுகளுக்கு மாதம் பதினொன்றரைப் பவுன் அளிக்க இசைந்தார். கல்வி முடிந்ததும் பரோடா அரசில் பத்தாண்டுக் காலம் பணிபுரிய வேண்டும் என்பது உடன்படிக்கை. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அண்ணல் அவர்கள் பொருளாதாரத்தோடு வரலாறு, சமூகவியல் முதலியவற்றையும் கற்று, 1915-இல் முதுகலைப் பட்டம் பெற்றார்கள். 1916-இல் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றி ஓர் ஆய்வுரை படித்தார்கள். அதன்பின் இலண்டன் சென்றார்கள். ஆயினும் உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப வேண்டியதாயிற்று.

உடன்படிக்கைப்படி பரோடா சென்றவர்க்கு நேர்ந்ததை நம்மவர் பலர் அறிவர். உயர்ந்த அலுவலில் அமர்த்தப்பட்டும், அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் தங்கியிருந்தவர், தடியேந்தி வந்த கூட்டத்தால் பதினோராம் நாள் வெளியேற்றப்பட்டார். மன்னரின் கருவூலம் நியூயார்க்கில் அவருக்கு இடம் தேடித் தந்தது. மன்னரின் தலைநகரிலோ அதனால் அது முடியவில்லை! பின்னர்ப் பேராசிரியராகப் பணியாற்றிச் சேர்த்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசாவின் உதவி, நண்பரிடம் பெற்ற கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று, 1923-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்கள்.

மன்னர் ஒருவரின் மனம் இரங்கினால்தான் படிப்பு என்னும் நிலை எவ்வளவு நிலையற்றது என்பதை அண்ணல் அவர்கள் பட்டறிந்தவர்கள். எனவே 1942-இல் அரசப் பிரதிநிதியின் நிர்வாக சபையில் உறுப்பினரானவுடன், அவ்வாண்டு அக்டோபரிலேயே ஒரு விண்ணப்பத்தைக் கையளித்தார்கள். கலையும் சட்டமும் கற்பதால் மட்டும் நம் மக்கள் பெரிதும் பயனடையார். உயர்தர அறிவியலும் தொழில்நுட்பமும் வேண்டும். அதற்கான செலவோ அவர்களது ஆற்றலுக்கு அப்பாற்பட்டது என்பது அதன் சாரம். இந்நாட்டில் அறிவியல், தொழில்நுட்பம் பயில ஆண்டுக்கு 2 இலட்சம், அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அவற்றைப் பயில ஆண்டுக்கு 1 இலட்சம் என்று கணக்கிட்டுக் கேட்டார்கள். இரக்கத்தை வேண்டாது, வரவு செலவுத் திட்டத்தில் ஓர் இனமாகக் கேட்டமையே இதன் சிறப்பு என்று கருதுகிறோம். இன்று நம் பிள்ளைகள் பெறும் மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை இவ்வழியில் 1944-இல் தோன்றியதேயாகும்.

அக்காலத்தில் தனியார் அறக்கட்டளை வழியாகச் சென்றவரும் உண்டு. கேரளத்துக் கே. ஆர். நாராயணன் 1945-இல் டாட்டா அறக்கட்டளையின் கடனுதவி பெற்று இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் பயின்றார். 1997-இல் அவர் குடியரசுத் தலைவரானார். நாடு விடுதலை பெற்றபின், 1954-55-இல் இந்திய அரசே அயல்நாட்டு உயர்கல்விக்கான தேசிய உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கிற்று.

இனி நம் வயல்களுக்கு வருவோம். ஆராய்ச்சிக் கொடை என்பது ஆளுக்கு மட்டும் வருவதன்று, நிலத்துக்கும் வருவது. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் இந்தியக் காவல் பணிக்குத் தேர்வு பெற்றும் அதனை விடுத்து, 1949-இல் யுனெஸ்கோ உதவித்தொகையில் ஆலந்து நாடு சென்று பயிர் மரபியல் கற்றார். 1952-இல் கேம்பிரிட்ஜில் முனைவரானார். ஏறத்தாழ அக்காலத்தில்தான் உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையுடன் கட்டாக்கில் சப்பானிய நெல்லையும் இந்திய நெல்லையும் ஒட்டும் முயற்சி நடந்தது. அதன் வழிவந்த ஆடுதுறை 27, நோரின் 10 என்னும் சப்பானிய வகையையும் நம் ஜி.இ.பி. 24-ஐயும் இணைத்துப் பிறந்தது. ஏறத்தாழ 105 நாளில் விளைந்ததால் குறுவைக்கு உகந்ததாயிற்று. போர்டு அறக்கட்டளையின் உதவியோடு 1960-இல் தொடங்கிய தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று.

அறக்கட்டளைகள் ஏன் இவ்வளவு பொருளைக் கொட்டின என்பது சிந்திக்கத்தக்கது. நாட்டுப் பாதுகாப்பு ஆராய்ச்சி என்றால் வெடிமருந்தும் ஏவுகணையும் என்றே எண்ணுகிறோம். அக்காலத்து அமெரிக்க ஆட்சியாளர்க்கு நெல்லும் கோதுமையும்கூடப் பாதுகாப்புப் பொருள்களாகவே தோன்றின. பசித்த கிராமம் பொதுவுடைமைப் பக்கம் சாயும் என்பது அவர்கள் அச்சம். ‘பசுமைப் புரட்சி’ என்னும் பெயரையே 1968 மார்ச்சில் அமெரிக்க உதவி நிறுவனத்தின் தலைவர் வில்லியம் காட், சிவப்புப் புரட்சிக்கு மாற்றாக வைத்துத்தான் வழங்கினார்.

அதே 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, அன்றைய நம் மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் நம் உறவினர் 44 பேர் ஒரு குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும். அறுவடைக் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதே பூசலின் வேர். புது விதை விளைச்சலைப் பெருக்கிற்று; உரமும் நீரும் கடனும் நிலமுடையோரை அடைந்தன; குனிந்து நட்டவரின் படி மட்டும் உயரவில்லை. விதையைக் குற்றம் சொல்வது நம் நோக்கமன்று. அவ்விதையின் அரிசியை நாமும் உண்டோம். ஆனால் அத்திட்டத்தின் கணக்கில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்ற பத்தி இருந்தது. கூலியாளுக்கு எத்தனை படி என்று கேட்கத்தக்க ஆராய்ச்சியாளர் நம் தெருவிலிருந்து ஒருவரேனும் அக்குழுவில் இருந்திருந்தால் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

மேட்டூரில் மதகு திறந்த செய்தி நாளிதழில் வந்தபின்பு, கல்லணைக் கால்வாயின் கடைமடையாகிய பேராவூரணியில் நீரைக் காண எத்தனை நாளாகும் என்பதை நம் உழவர் நன்கறிவர். சில ஆண்டுகளில் கண்டதே இல்லை. தேசிய உதவித்தொகையின் நிலையும் அஃதே. இன்று நாடு முழுமைக்கும் 125 இடங்கள். அவற்றுள் 115 பட்டியல் வகுப்பினர்க்கு. நிலமற்ற வேளாண் தொழிலாளர்க்கும் மரபுவழிக் கைவினைஞர்க்கும் சேர்த்து நான்கே இடங்கள். 2025-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 106 பேரில் 40 பேர்க்கே முதலில் ஒப்புதல் மடல் அனுப்பப்பட்டது. ஏனையோர்க்கு நிதி இருப்பைப் பொறுத்து என்று அறிவிக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளை, வகுப்பு தொடங்கும் நாள் நெருங்க நெருங்கக் கையைப் பிசைந்து நிற்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2022-இல் வந்த மாற்றம் இதனினும் வருந்தத்தக்கது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய பொருள்கள் இத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. அறிவியலுக்கு முதலிடம் தருக என்று 1942-இல் கேட்டவர் அண்ணல் அவர்களே. ஆனால் பிறவற்றைத் தடைசெய்க என்று அவர்கள் கேட்கவில்லை. இவ்விதி 1913-இல் பரோடாவில் இருந்திருப்பின், இந்தியச் சாதிகளைப் பற்றிய அவ்வாய்வுரையைக் கொலம்பியாவில் படிக்க ஒருவர் இருந்திருக்க மாட்டார்.

தமிழ்நாடு அரசு அண்ணல் பெயரிலேயே அயலக உயர்கல்வித் திட்டம் ஒன்றை நடத்தி, ஆண்டுக்கு ரூ.36 இலட்சம் வரை வழங்கி வருவது ஆறுதல் தருகிறது. ஆயினும் இவையெல்லாம் பட்டப்படிப்பை முடித்தோர்க்கு உரியவை. தேசியத் திட்டத்துக்கு வயது 35-க்கு மேற்படலாகாது. தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். குடும்ப வருவாய் ஆண்டுக்கு 8 இலட்சத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் உள்ள பல்கலைக்கழகத்தில் இடமும் பெற்றிருக்க வேண்டும். பதினோராம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் கடினம் என்று அஞ்சி வேறு பிரிவுக்குச் செல்லும் நம் பிள்ளைகளிடமும், அதற்கு இசையும் பெற்றோரிடமும் இதனைச் சொல்ல வேண்டியுள்ளது. இடங்களுள் 30 விழுக்காடு பெண்களுக்கு உரியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் பள்ளிகளில் அறிவியல் பாடத்தில் முன்நிற்போர் பெரும்பாலும் அவர்களே. இவ்விரு திட்டங்களின் நெறிமுறைகளையும் எளிய தமிழில் எழுதி, நம் சங்கக் கட்டட அறிவிப்புப் பலகையில் ஆண்டுதோறும் தையிலேயே ஒட்டிவைக்கும் பணியை நாம் ஏற்றுக்கொண்டுள்ளோம்.