ஐம்பது மீட்டர் தடம்

யமுனைக்கு அக்கரையில் மேற்கு வானம் பழுப்பேறினால் மயூர் விஹார் விழித்துக்கொள்ளும். 'ஆந்தி, ஆந்தி' என்று கீழ்த்தளத்திலிருந்து குரல் எழும். கொடியில் காயும் துணியை வாரிக்கொண்டு ஓடுவார்கள். ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்படும். பிறகு எங்கும் புழுதி. தில்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு இது கோடைதோறும் பழகிப்போன கலவரம்.

ஆனால் 1978 மார்ச் 17, வெள்ளிக்கிழமை மாலை வட தில்லியில் இறங்கிய காற்று வேறு இனத்தைச் சேர்ந்தது. பல்கலைக்கழக வட்டாரத்தை ஒட்டி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஓடியது. அகலம் சுமார் 50 மீட்டர்தான். சில நிமிடங்களில் 28 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 700 பேர் காயமடைந்தார்கள். தலைநகரில் டொர்னாடோ!

இதற்குத் தமிழில் நல்ல பெயர் நிலைக்காதது ஒரு குறை. கடலில் பிறந்து பல நூறு கிலோமீட்டர் விரியும் புயலுக்கும் 'சூறாவளி' என்கிறோம். தெருவை மட்டும் சுருட்டிப் போகும் இதற்கும் அதையே சொல்கிறோம். இரண்டும் சுழல்கின்றன என்பதைத் தவிரப் பெரிய உறவு இல்லை. இக்கட்டுரை இதைச் சுழல்காற்று என்றே அழைக்கும்.

மார்ச் மாதம் தில்லிக்கு இரண்டுங்கெட்டான் பருவம். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் 'மேற்கத்திய இடையூறு' உயரத்தில் குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும். தரையிலோ வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். அதோடு கடல் ஈரமும் வந்து சேர்ந்தால் கீழே வெப்பம், மேலே குளிர் என்று வானம் நிலைகொள்ளாமல் தவிக்கும். இடிமேகம் ராட்சச உயரத்துக்கு எழும்பும்.

அது மட்டும் போதாது. தரையருகே காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசினால், இடைப்பட்ட காற்று சப்பாத்திக் கட்டைபோலப் படுத்தவாக்கில் உருளும். மேகத்துக்குள் பாயும் வெப்பக் காற்று அந்த உருளையைத் தூக்கி நிமிர்த்திவிடுகிறது. இப்போது மேகமே சுழல்கிறது. கயிற்றில் கட்டிய கல்லை விரலில் சுற்றவிட்டால், கயிறு குறையக் குறைய வேகம் கூடுமே, அதேபோல் சுழற்சி இறுகி ஒடுங்கி, வேகம் பெருகித் தரையைத் தொடுகிறது. இப்படிச் சுழலும் மேகங்களிலும் பெரும்பாலானவை சுழல்காற்றைப் பெறாமலே கலைந்துவிடுகின்றன. ஏன் ஒன்று மட்டும் தரையைத் தொடுகிறது என்ற கேள்விக்கு வானிலை அறிவியலில் இன்னும் முழு விடை கிடைக்கவில்லை.

இதை அளப்பது எப்படி? சஃப்தர்ஜங், பாலம் வானிலை நிலையங்கள் நகரின் தென்பாதியில் இருக்கின்றன. வடக்கே 50 மீட்டர் அகலத்தில் ஓடும் காற்று அங்குள்ள கருவிகளுக்கு எப்படி அகப்படும்? இடிபாடுகளைத்தான் படிக்க வேண்டும்.

அந்தப் படிப்பின் ஆசான் ஜப்பானியரான டெட்சுயா ஃபுஜிட்டா. 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு விழவேண்டிய கொக்குரா பகுதியில்தான் அவர் கல்லூரி ஆசிரியராக இருந்தார். நகரம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருந்ததால் குண்டு நாகசாகிக்குப் போனது. பிறகு அங்கே ஆய்வுக்குச் சென்ற ஃபுஜிட்டா, மரங்கள் ஒரு மையத்திலிருந்து வெளிப்புறமாகச் சாய்ந்து கிடந்ததைக் கண்டார். ஒரு பேரழிவின் தடயத்தை அவர் மனம் மறக்கவில்லை. அமெரிக்காவில் 1971இல் சேதத்தைக் கொண்டே சுழல்காற்றின் வலிமையைக் கணிக்கும் அளவுகோலை வகுத்தார். 1975இல் நியூயார்க்கில் தரையிறங்க வந்த விமானம் ஒன்று விழுந்தபோது, காரணம் மேகத்திலிருந்து செங்குத்தாகக் கொட்டி நாற்புறமும் சிதறிய காற்று என்று சொன்னார். நாகசாகி மரங்கள் கற்றுத்தந்த பாடம் அது.

மரங்கள் ஒரே திசையிலோ விசிறிபோலவோ சாய்ந்திருந்தால் அது மேகம் கொட்டிய காற்று. முறுக்கிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே கிடந்தால் சுழல்காற்று. 2022 மே 30 அன்று சஃப்தர்ஜங்கில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் பதிவாகி, ஜாமா மசூதிக் குவிமாடத்தின் கலசம் முறிந்ததே, அது முதல் வகை.

உலகிலேயே அதிக உயிரைக் குடித்த ஒற்றைச் சுழல்காற்று வீசியதும் நம் துணைக்கண்டத்தில்தான்: 1989 ஏப்ரல் 26, வங்கதேசத்தின் சாட்டூரியா வட்டாரம், சுமார் 1,300 பேர் மாண்டார்கள். இது நமக்கெல்லாம் நினைவில் இல்லாதது வருத்தத்துக்குரியது. 2023 மார்ச் 24 அன்று பஞ்சாபின் ஃபாசில்கா மாவட்டத்து பகைன்வாலா கிராமத்தில் வீடுகளைப் பிய்த்தெறிந்த சுழல்காற்றைக் கைப்பேசிகள் படம்பிடித்தன. தில்லி நிகழ்வுக்கு 45 ஆண்டும் ஒரு வாரமும் கழித்து, அதே மார்ச்.

1978ஆம் ஆண்டு தில்லியை அத்தோடு விடவில்லை. செப்டம்பரில் பழைய ரயில் பாலத்தில் யமுனை 207.49 மீட்டருக்கு உயர்ந்தது. 2023 ஜூலையில் 208.66 மீட்டரைத் தொடும்வரை அதுவே உச்சம். மயூர் விஹார் அடுக்குமாடிகள் எழும்புவதற்கு முந்தைய அந்த ஆற்றங்கரையின் கதை அடுத்த வாரம்.