மான்செஸ்டர் பீரில் கலந்த பாஷாணம் (1900)

"குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு" என்று நம் ஊரில் சொல்வார்கள். 1900-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில் ஆயிரக்கணக்கான பேருக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். உடம்பு முடியவில்லை என்று டாக்டரிடம் போனார்கள். "குடித்தால் அப்படித்தான்" என்று பதில் வந்தது. உண்மையில் அவர்கள் உடம்பில் ஏறிக்கொண்டிருந்தது ஆர்சனிக். நம் சித்த வைத்தியத்தில் வெள்ளைப் பாஷாணம் என்கிறார்களே, அதே சரக்கு.

கந்தக அமிலம் பற்றிப் பாடத்துக்காகத் தேடும்போது இந்தக் கதை கண்ணில் பட்டது. இரண்டு நாளாக மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் உங்கள் தலையிலும் ஏற்றி விடுகிறேன் :)

அந்த வருடம் கோடையிலிருந்தே மான்செஸ்டரிலும் பக்கத்து ஊரான சால்ஃபோர்டிலும் ஏழைத் தொழிலாளர்கள் பலர், ஆண்களும் பெண்களும், ஒரே மாதிரி நோயோடு வந்தார்கள். கைகால் மரத்துப் போகும், ஊசி குத்துவது போல வலிக்கும், பிறகு நடக்கவே முடியாது. அதிகமாகக் குடிப்பவர்களுக்கு நரம்பு அழற்சி வரும் என்பது மருத்துவர்களுக்கு முன்பே தெரிந்த விஷயம். வந்தவர்களும் பீர் குடிப்பவர்கள்தான். அப்புறம் என்ன யோசனை? சிலருக்குப் பெரிபெரி என்றுகூட எழுதினார்கள்.

நகரத்தின் ஏழைகள் விடுதி மருத்துவமனையில் எர்னஸ்ட் ரெனால்ட்ஸ் என்ற டாக்டர் இருந்தார். அவருக்கு இரண்டு விஷயங்கள் இடித்தன. ஒன்று, நோயாளிகளின் தோல் கறுத்தது, உள்ளங்கால் தடித்தது, நிறையப் பேருக்கு அக்கி வேறு வந்தது. வெறும் குடி இதையெல்லாம் செய்யாது. இரண்டாவது, பீரை விடப் பல மடங்கு சாராயச் சத்து உள்ள விஸ்கி போன்றவற்றைக் குடித்தவர்களுக்கு இந்த நோய் வரவில்லை! அப்படியென்றால் குற்றவாளி சாராயம் இல்லை, பீரில் இருக்கும் வேறு ஏதோ ஒன்று. அந்தக் காலத்தில் ஆர்சனிக் மருந்தாகவும் கொடுக்கப்பட்டது. அதை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்குத் தோல் கறுப்பதையும் அக்கி வருவதையும் டாக்டர்கள் பார்த்திருந்தார்கள். ரெனால்ட்ஸ் நோயாளிகள் வழக்கமாகக் குடித்த பீரை வாங்கிச் சோதித்தார். ஆர்சனிக் இருந்தது. இது 1900 நவம்பரில்.

இத்தனைக்கும் ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்கும் சோதனையை ஜேம்ஸ் மார்ஷ் என்ற வேதியியலாளர் 1836-லேயே வெளியிட்டு விட்டார். அறுபது வருடத்துக்கு மேலாகக் கருவி கையில் இருந்தது. பீரைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சரி, பீருக்குள் அது எப்படி வந்தது? இங்கேதான் துப்பறியும் கதை ஆரம்பம். 1880-இல் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் மீதான வரியை நீக்கி, பீர் மீதே வரி போட்டார். அதன் பிறகு பீர் ஆலைகள் முளைகட்டிய பார்லிக்குப் பதிலாக ஓரளவு சர்க்கரையும் தாராளமாகச் சேர்க்க முடிந்தது. விலை குறைந்த பீருக்கு அது வசதி. விஷமிருந்த பீர்களையெல்லாம் வரிசையாகப் பார்த்தபோது, அவற்றுக்குப் பொதுவாக இருந்தது இந்தச் சர்க்கரைதான். அது லிவர்பூல் அருகே கார்ஸ்டனில் இருந்த பாஸ்டாக் கம்பெனியின் சரக்கு.

மாவுச்சத்தை நீர்த்த கந்தக அமிலத்தோடு காய்ச்சினால் குளுக்கோஸ் கிடைக்கும். பிறகு சுண்ணாம்புப் பொடி போட்டு அமிலத்தை முறித்து விடுவார்கள். அமிலம் போய்விடும், அதோடு வந்த ஆர்சனிக் போகாது. அந்த அமிலத்தைக் கொடுத்தது லீட்ஸில் இருந்த நிக்கல்சன் கம்பெனி. முன்பெல்லாம் ஆர்சனிக் இல்லாத அமிலத்தைக் கொடுத்து வந்தவர்கள், 1900 மார்ச்சிலிருந்து ஆர்சனிக் உள்ளதை அனுப்பியிருக்கிறார்கள், ஒரு வார்த்தை சொல்லாமல். அதற்கும் பின்னால் போனால் ஸ்பெயின் நாட்டுச் சுரங்கம்! அங்கிருந்து வந்த பைரைட்ஸ் என்ற கந்தகக் கல்லில் ஆர்சனிக் இயற்கையாகவே கலந்திருக்கும்.

நிக்கல்சன் தரப்பு சொன்னது, "இது உணவுக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது". பாஸ்டாக்கோ வந்ததைச் சோதிக்காமலே பயன்படுத்தியது. 1904-இல் இரண்டு பேரும் கோர்ட்டில் மோதினார்கள். அமிலத்தின் விலையும் கெட்டுப்போன சரக்கின் மதிப்பும் பாஸ்டாக்குக்குக் கிடைத்தன. பீர் ஆலைகளுக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை நிக்கல்சன் தலையில் கட்ட முடியவில்லை, என்ன உபயோகம் என்று அவர்களுக்குத் தெரியாது என்பதால். சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

குறைந்தது 6,000 பேர் பாதிக்கப்பட்டார்கள், 70 பேராவது இறந்தார்கள். ஆலைகள் பீப்பாய் பீப்பாயாகப் பீரைச் சாக்கடையில் ஊற்றின. விசாரிக்க 1901-இல் ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். தலைவர் யார் தெரியுமா? வெப்பநிலைக்கு நாம் கெல்வின் என்று அலகு எழுதுகிறோமே, அதே லார்ட் கெல்வின்! ஒரு காலன் பீரில் ஒரு கிரெயினில் நூறில் ஒரு பங்குக்கு மேல் ஆர்சனிக் கூடாது என்று 1903 இறுதி அறிக்கை வரம்பு சொன்னது. லிட்டருக்குச் சுமார் 0.14 மில்லிகிராம்.

விசாரணை நடக்கும்போதே இன்னொரு பூதம் கிளம்பியது. 1902-இல் ஹாலிஃபாக்ஸ் ஊரில் அந்தச் சர்க்கரையே சேராத பீரிலும் ஆர்சனிக் இருந்தது. கல்கரி அடுப்பின் புகையில் மால்ட்டை உலர்த்தும்போது அது ஏறியிருக்கிறது. இப்படி உலர்த்துவதோ பல வருடப் பழக்கம். ஆக மான்செஸ்டரில் 1900-க்கு முன்னால் நரம்பு நோயோடு வந்தவர்களில் சிலருக்கும் இதே விஷம் காரணமாக இருந்திருக்கலாம். அவர்களுக்கெல்லாம் மருத்துவமனை ஏட்டில் எழுதியிருந்த காரணம், குடி.