எல்ல போற கோச்சி
லீவுக்கு இலங்கை வர பிளான் போடுறவங்க முதல்ல தேடுறது எல்ல போகும் ரயில் டிக்கெட்டைத்தான். கதவில் தொங்கி போட்டோ எடுத்தபடியே எங்க வட்டவளையைத் தாண்டிப் போறாங்க. அந்த போட்டோவுல லயம் மட்டும் விழாது!

எங்களுக்கு அது கோச்சி. 1885இல் நானுஓயா வரை வந்த பாதை. தோட்டத்து விளைச்சலைக் கொழும்புக்கு இறக்கத்தான் போட்டாங்க. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. எங்க ஆளுங்கள யாரும் கேட்கல. ஹட்டனில் ஏறி தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். பாதிக் குடும்பம் பெட்டிக்குள்ள, பாதி பிளாட்பாரத்துல. அழுகைக் கோச்சின்னே பேர் வந்துச்சு.

பாதை இன்னும் அதேதான். ரொசல்ல தாண்டினா ஹட்டன் வரும். இறங்கி ஒரு பிளேன்டீ குடிங்க.