தண்ணிக்கு வழி விட்ட சுவர்

யாழ்ப்பாணத்தில மதில் எண்டா அது எல்லைக்குத்தான். சமதரை ஊர். மேல்பக்கத்து மண் கீழ சரியாமல் பிடிச்சு வைக்கிற தாங்கு சுவருக்கு அங்க பெரிசா வேலையில்லை. சுவிசில அப்பிடியில்லை. எங்கட சனம் கடன்பட்டு வீடு வாங்குது, அந்த வீடு மலைச்சரிவில இருந்தா முதல் கேள்வியே தோட்டத்துக்கு என்ன சுவர் கட்டுறது எண்டதுதான். "கொங்கிறீட்டை ஊத்துங்கோ அண்ணை, அசையாது" எண்டு நாலு பேர் சொல்லுவினம். அதுக்கு முதல் ஒருக்கா லவோவைப் போய்ப் பாருங்கோ எண்டு நான் சொல்லுவன்.

லவுசானில இருந்து மொந்திரோப் பக்கம் ரயிலில போனவைக்குத் தெரியும். ஜெனிவா ஏரியின்ர வடகரையில சுமார் 30 கிலோமீற்றருக்கு, படி படியா முந்திரிகைத் தோட்டம். படிக்குப் படி கல்லுச் சுவர். 11ஆம் நூற்றாண்டில இருந்து பெனடிக்ற், சிஸ்ரேர்சியன் மடத்துத் துறவிகளின்ர கையில அந்தச் சரிவு இருந்த காலத்தில தொடங்கின வேலை அது. 1536இல பேர்ண்காரர் அந்தப் பகுதியைப் பிடிக்க, மடங்களின்ர காணிகள் கைமாறிச்சுது. சுவர்கள் அங்கயே நிண்டுது. 2007இல யூனெஸ்கோ அந்த இடத்தை உலக மரபுரிமை எண்டு அறிவிச்சுது.

இவ்வளவு காலம் எப்பிடி நிண்டது? பழைய முறை சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிறது. மழைத்தண்ணி கல்லிடுக்கால வடிஞ்சு போகும். பிறகு சாந்து வைச்சுக் கட்டினதிலயும் தண்ணி போக ஓட்டை விட்டிருக்கினம். மழை அடிச்சுக் கொண்டுபோன மண்ணைக் கீழ இருந்து முதுகுக் கூடையில சுமந்து திரும்ப மேல கொட்டின கூலியாக்களையும் மறக்கக் கூடாது. வரலாற்றுப் புத்தகத்தில துறவிகளின்ர பேர் வரும், கூடை சுமந்தவன்ர பேர் வராது.

இதுக்குக் கணக்கு எழுதினவர் கூலோம் எண்ட பிரெஞ்சு இராணுவப் பொறியியலாளர். மின்சாரப் பாடத்தில வாற அதே கூலோம்தான். மார்த்தினிக் தீவில கோட்டை கட்டின அனுபவத்தோட, 1773இல பாரிஸ் அறிவியல் கழகத்தில மண் சுவரைத் தள்ளுற விசையைப் பற்றி ஒரு கட்டுரை குடுத்தவர். நான் பேராதனையில அரைவாசியில விட்ட படிப்பில மனசில நிண்ட பாடங்களில இது ஒண்டு. சுவரின்ர உயரம் இரண்டு மடங்கானா மண்ணின்ர தள்ளு நாலு மடங்கு. சுவரைக் கவிழ்க்கிற பலம் எட்டு மடங்கு. அதுக்கு மேல பின்னுக்குத் தண்ணி தேங்கிச்சுதெண்டா தள்ளு திரும்பவும் இரண்டு மடங்குக்கு மேல போகும். அனேகமான சுவரை விழுத்திறது மண்ணில்லை, வடிய வழியில்லாத தண்ணி.

இனி எந்தச் சுவர் எண்ட கதைக்கு வருவம்.

ஒரு மீற்றருக்குள்ள எண்டா சாந்தில்லாத கல்லுச் சுவர் நல்லது. அடி அகலம் உயரத்தில பாதியளவு இருக்கட்டும். மீற்றருக்குப் பத்துச் சென்ரிமீற்றர் மண் பக்கமாச் சாய்ச்சுக் கட்டவேணும். மேல்கல்லு கீழ இருக்கிற இரண்டு கல்லின்ர பொருத்தை மூடவேணும். இடைக்கிடை நீளக் கல்லை உள்ளுக்கு விட்டுப் பூட்டவேணும். நிலம் கொஞ்சம் அசைஞ்சாலும் அது சேர்ந்து அசையும், வெடிக்காது. கம்பிக்கூடையில கல்லு நிரப்பிற முறையும் இதே குணம்தான். மரக்கட்டை மலிவு, ஆனா உக்கிப்போம்.

கொங்கிறீட் கூடாது எண்டு சொல்லேல்லை. உயரம் கூடினா அதுதான் வேணும், பொறியியலாளரும் வேணும். ஆனா அத்திவாரம் பனி உறையிற ஆழத்துக்குக் கீழ, இங்க பள்ளப் பகுதியில சுமார் 80 சென்ரிமீற்றர், போகவேணும். சுவருக்குப் பின்னால 30 சென்ரிமீற்றருக்குச் சல்லிக்கல்லு, மண் கலக்காமல் வடிதுணி, அடியில ஓட்டைக் குழாய். எந்தச் சுவரெண்டாலும் கட்ட முதல் நகரசபையில அனுமதி கேளுங்கோ.

என்னோட குசினியில நிக்கிற ஒராள் போட்ட சுவர் மூண்டாவது மாரியில வயிறு தள்ளிச்சுது. தோண்டிப் பார்த்தா பின்னுக்குச் சல்லியும் இல்லை, குழாயும் இல்லை, வெறும் களிமண். விலை குறைச்சுச் செய்தவர் கண்ணுக்குத் தெரியாததைத்தான் குறைச்சவர். கீழ்வீட்டுக்காரனுக்குச் சேதம் வந்தா சுவிஸ் கடப்பாட்டுச் சட்டம் 58ஆம் பிரிவின்படி முதலில பொறுப்பு கட்டினவர் இல்லை, சுவரின்ர சொந்தக்காரர். பிறகுதான் அவர் கட்டினவரிட்டக் கேக்கலாம்.

அதால காசு குடுக்க முதல் ஒண்டைச் செய்யுங்கோ. மண் நிரப்ப முதல் நேர நிண்டு சுவரின்ர முதுகைப் பாருங்கோ, படமும் எடுத்து வையுங்கோ. முகத்தை எப்பவும் பார்க்கலாம். முதுகைப் பார்க்க அந்த ஒரு நாள்தான்.