கோட்டையைச் சுற்றி ஓடினவர்கள்

போன ஆடி மாதம் பாரிசிலிருந்து ஊருக்கு வந்த மச்சாள் ஒருத்தி, பெட்டியைத் திறந்து சொக்லேட்டுக்கும் சம்பூப் போத்தலுக்கும் நடுவில கிடந்த ஒரு பதக்கத்தை எடுத்துக் காட்டினாள். நல்ல பாரம். நடுவில மிக்கி மவுஸ். சில வருசத்துக்கு முன்னம் டிஸ்னிலாண்டுக்குள்ள 21 கிலோமீற்றர் ஓடி வாங்கினதாம். விடியமுன் எழும்பி, தலையில எலிக்காது மாட்டிக்கொண்டு, ஆயிரக்கணக்கான சனத்தோட ஓடினதாம்.

பக்கத்தில வெத்திலை இடிச்சுக்கொண்டிருந்த அம்மம்மா கேட்டா: "காசு கட்டியோ ஓடினனீ?"

"ஓம் அம்மம்மா. கன காசு."

"நாங்கள் ஒரு சதமும் குடுக்காமல் எவ்வளவு தூரம் ஓடினாங்கள்."

எல்லாரும் சிரிச்சம். பிறகு ஆரும் சிரிக்கேல்ல. யாழ்ப்பாணத்தில "ஓட்டம்" எண்டால் ஒரு தலைமுறைக்கு 1995 ஒக்ரோபர் 30தான் ஞாபகம் வரும். அண்டு இரவு, மழைக்குள்ள, வலிகாமம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தது. அந்த ஊரில இருந்துகொண்டு, விளையாட்டுக்காகக் கடல் கடந்து போய் ஓடுறதைப் பற்றி எழுதலாம் எண்டு நாங்கள் முடிவெடுத்தது அந்த விறாந்தையிலதான்.

முதலில இந்த டிஸ்னி ஓட்டம் என்ன எண்டு சொல்லவேணும். அமெரிக்காவின் புளோரிடாவில வோல்ற் டிஸ்னி வேர்ல்ட் மரதன் 1994 ஜனவரியில தொடங்கினது. அதில முதலாவதா வாறது ஆர் எண்டு பெரும்பாலான ஆக்களுக்குக் கவலையில்லை. வழி நெடுக டொனால்ட் டக்கும் கூஃபியும் நிற்பினம். ஓடுறவர்கள் ஓட்டத்தை நிப்பாட்டி, வரிசையில நிண்டு படம் எடுத்துப்போட்டுத் திரும்ப ஓடுவினம். ஆனால் விளையாட்டு எண்டு முழுசா நினைக்கவும் ஏலாது. ஒரு மைலுக்கு 16 நிமிசம் எண்டு ஒரு கணக்கு இருக்கு. அதுக்குப் பின்தங்கினால் பஸ் வந்து ஏத்திக்கொண்டு போயிடும். 2006இல் சனிக்கிழமை அரை மரதன், ஞாயிறு முழு மரதன் எண்டு ஒரு சேர்க்கை வந்தது. 2014இல் அதையும் நீட்டி நாலு நாளில 5 கிலோமீற்றர், 10 கிலோமீற்றர், அரை, முழு எண்டு ஆக்கிச்சினம். மொத்தம் 48.6 மைல், எங்கட கணக்கில 78 கிலோமீற்றர். ஓடி முடிக்கிறவருக்கு ஒரு குவியல் பதக்கம். பாரிசுக்கு இந்த வழக்கம் வந்தது 2016 செப்ரெம்பரில. மச்சாளும் அதைத்தான் சொன்னாள்: "எனக்கு நேரம் முக்கியமில்லை. இருட்டுக்குள்ள அந்தக் கோட்டைக்குக் கீழால ஓடேக்க, சின்னனில பார்த்த கார்ட்டூனுக்குள்ள போன மாதிரி இருந்தது."

இதைக் கேட்டு முகம் சுளிக்கிறது சுகம். பணக்காரரின் வேடிக்கை எண்டு ஒரு வரியில முடிச்சிடலாம். எங்களில ரெண்டு பேர் அப்படித்தான் சொன்னவை. ஆனால் கொஞ்சம் யோசிச்சால், இதே சங்கதி எங்கட பள்ளிக்கூடத்து வளவுக்குள்ளயே நடக்குது. வருசத் தொடக்கத்தில வாற இல்ல மெய்வல்லுநர் போட்டியை நினைச்சுப் பாருங்கோ. ஓட்டத்துக்குச் சமனாக, சில வேளை அதைவிடக் கூடவும், நாங்கள் உயிரைக் குடுத்தது இல்ல அலங்காரத்துக்குத்தான். தென்னோலை, மூங்கில், றெஜிபோம், கிடுகு, பழைய சாறி. கப்பல் கட்டுவம், கோபுரம் கட்டுவம், கோட்டை கட்டுவம். மூண்டு நாள் நித்திரை இல்லை. போட்டியண்டு வினோத உடை போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவம். நடுவர் புள்ளி போடுவார், பின்னேரம் எல்லாத்தையும் பிரிச்செறிவம். ஒரு நாளைக்கு மட்டும் உயிரோட இருக்கிற விளையாட்டுப் பூங்கா அது. ரிக்கற் இல்லை, அவ்வளவுதான். (அந்த ஒரு நாளையும் சும்மா விடுறேல்ல. 2024இல் வலிகாமத்துப் பாடசாலை ஒன்றின் இல்ல அலங்காரத்தில கார்த்திகைப்பூ இருந்தது எண்டு மாணவர்களையே பொலிஸ் விசாரிச்சதாகச் செய்தி வந்தது.)

இன்னும் பின்னுக்குப் போனால் கதிர்காமப் பாதயாத்திரை இருக்கு. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில தொடங்கி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு எண்டு கரையோரமாப் போய், குமண, யால காடுகளுக்குள்ளால கதிர்காமத்தை அடையிறது. அதிலயும் ஆர் முதல் போறது எண்ட கேள்வி இல்லை. வழியில நிண்டு, பாடி, சாப்பிட்டு, கும்பிட்டுத் திரும்ப நடக்கிறது. ரெண்டையும் ஒண்டு எண்டு சொல்ல வரேல்ல, சொன்னால் அம்மம்மா உலக்கையை எடுப்பா. ஆனால் வெல்லுறதுக்கில்லாமல், போய்ச் சேருறதுக்காக உடம்பை வருத்துறது எங்களுக்குப் புதுசில்லை.

சரி, கடல் கடந்த கதைக்கு வருவம்.

யாழ்ப்பாணத்திலிருந்து விளையாட்டுக்காக வெளிநாடு போன முன்னோடிகளில பெரிய பேர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1934இல் பிறந்தவர், ஊர் பெரியவிளான், படிச்சது யாழ். மத்திய கல்லூரி. உயரம் பாய்தல். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு இலங்கைக்காகப் போகேக்க அவருக்கு 18 வயசு முடியேல்ல. இண்டைக்கு ஏ.எல். படிக்கிற ஒரு பெடியன்ர வயசு. அங்க அவர் பதக்கம் எடுக்கேல்ல. 1956 மெல்போர்ணிலயும் எடுக்கேல்ல. 1958இல் ரோக்கியோவில நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில 2.03 மீற்றர் பாய்ஞ்சு தங்கம் எடுத்தார். ஆசியப் போட்டியில இலங்கைக்குக் கிடைச்ச முதலாவது தங்கம் அதுதான். அந்த உயரத்தின்ர பெறுமதி விளங்கவேணுமெண்டால் ஒரு ஒப்பீடு: ஹெல்சிங்கியில ஒலிம்பிக் தங்கம் எடுத்த அமெரிக்கர் வோல்ற் டேவிஸ் பாய்ஞ்சது 2.04. ஒரேயொரு சென்ரிமீற்றர்தான் வித்தியாசம். ஆறு வருசத்துக்கு முன்னம் எட்ட நிண்டு பார்த்த உயரத்துக்குப் பக்கத்தில போய் நிண்டிருக்கிறார் பெரியவிளான் பெடியன்.

இடையில அவர் லொஸ் ஏஞ்சல்ஸில யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில படிச்சவர். உலகத்தின் முதலாவது டிஸ்னிலாண்ட் 1955 யூலை 17 திறந்ததும் அதே லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில, அனஹைமில. இந்த ரெண்டுக்கும் தொடர்பு ஒண்டும் இல்லை, தேதிகளைப் பக்கத்தில வைச்சுப் பார்க்க எங்களுக்கு ஆசையா இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் காலத்துப் பயணத்தையும் கொஞ்சம் பார்க்கவேணும். எயார் சிலோனின் முதல் பறப்பே 1947 டிசெம்பரில இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாச் சென்னைக்குப் போனதுதான். அதாவது, நாடு சுதந்திரம் அடையமுன்னமே எங்கட குடாநாட்டில இருந்து பிளேன் ஏறிப் பிறநாடு போகக்கூடியதா இருந்தது. பிறகு பலாலி இராணுவத்தின்ர இடமாப் போய், சர்வதேச விமான நிலையமாத் திரும்பத் திறந்தது 2019 ஒக்ரோபரில. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டது 2023 ஒக்ரோபரில. எழுபது வருசத்துக்கு முன்னம் இருந்த வழியை நாங்கள் புதுசு எண்டு ரிப்பன் வெட்டித் திறந்திருக்கிறம்.

வழி இல்லாட்டிலும் போன ஆக்கள் இருந்திச்சினம். 1954இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். அவருக்குப் பின்னால வந்தவர்தான் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன். 1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்குப் போய், திரும்பியும் நீந்தி வந்தார். 51 மணித்தியாலம். கரைக்கு வாறவரைக்கும் சனம் காத்துக்கொண்டு நிண்ட கதையை வல்வெட்டித்துறையில இண்டைக்கும் வயசானவை சொல்லுவினம். ஆனந்தன் ஒரு விசித்திரமான மனுசன். சட்டத்தரணி. ஒற்றைக் காலில 33 மணித்தியாலம் நிண்டு கின்னஸ் சாதனை செய்தவர். தண்ணிக்குள்ள, தரையில, எதில ஏலுமோ அதில உடம்பு எவ்வளவு தாங்கும் எண்டு பார்த்தவர். எங்களுக்கு அவரில பிடிச்சது இதுதான்: அவர் செய்ததுகளில பாதிக்கு மேல ஒலிம்பிக்கில இல்லாத விளையாட்டு. டிஸ்னி ஓட்டக்காரரைப் பார்த்துச் சிரிக்கிற ஆக்கள், ஒற்றைக் காலில நிண்டவருக்கு ஏன் சிலை வைக்கிறம் எண்டும் யோசிக்கவேணும்.

அவர் 1984 ஓகஸ்ட் 6 அண்டு ஆங்கிலக் கால்வாயை நீந்தக் கடலில இறங்கினவர். அந்தத் தண்ணி பாக்குநீரிணை மாதிரி இல்லை, ஆடி ஆவணியிலயும் குளிரும். அங்கயே உயிர் போட்டுது. 41 வயசு.

1984 எண்ட வருசத்தைக் கவனியுங்கோ. 83 கலவரம் முடிஞ்சு ஒரு வருசம். அதுக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு போறதெண்டால் விளையாட்டுக்கில்லை. ஏஜென்சி, பிரிச்ச குடும்பம், கள்ளப் பாஸ்போட், பனிக்குள்ள நடந்த எல்லைகள். பிரான்சுக்குப் போன எங்கட ஆக்களும் அப்படித்தான் போனவை. லா சப்பல் கடைத்தெரு அப்படித்தான் உருவானது. 1992இல் பாரிசுக்குக் கிழக்க டிஸ்னிலாண்ட் திறக்கேக்க, எங்கட மாமாக்கள் கனபேர் ரெஸ்ரோறன்ற் குசினிகளில கோப்பை கழுவிக்கொண்டு நிண்டவை. அந்தக் கோப்பை கழுவின ஒருத்தரின்ர மகள்தான் எலிக்காதோட ஓடின மச்சாள். இதை அவளே சொன்னாள், நாங்கள் கட்டிச் சொல்லேல்ல.

இங்க மிஞ்சின விளையாட்டும் சுகமா இருக்கேல்ல. நகரத்தின் முக்கிய மைதானம் துரையப்பா விளையாட்டரங்கு. 1975 யூலையில சுட்டுக் கொல்லப்பட்ட மேயரின் பேர். 1999இல் அதைத் திருத்த மண் கிண்டேக்க எலும்புக்கூடுகள் வந்தது. அதே மைதானத்திலதான் நாங்கள் 100 மீற்றர் ஓடினாங்கள், தடை தாண்டினாங்கள், ஆசிரியர்மாரிட்டப் பேச்சு வாங்கினாங்கள்.

இப்ப விசாக் கதை. எங்களில ஒருவன் நல்லா ஓடுவான். விடிய ஐஞ்சு மணிக்குப் பண்ணைப் பாலத்தில தொடங்கிக் கோட்டையைச் சுற்றி ஓடுறவன். மச்சாளின் பதக்கத்தைப் பார்த்த பிறகு ஐரோப்பாவில ஒரு அரை மரதனுக்குப் பேர் குடுத்தான். காசும் கட்டினான். ஓட இடம் கிடைச்சுது, விசா கிடைக்கேல்ல. திரும்பி வருவான் எண்டு நம்பப் போதுமான காரணம் இல்லை எண்டு ஒரு கடதாசி. கட்டின காசும் போச்சு.

கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்தக் கடதாசிக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கிறதையும் மறைக்கேலாது. 2004 செப்ரெம்பரில இலங்கைத் தேசிய கைப்பந்து அணி எண்டு 23 பேர் ஜேர்மனிக்குப் போச்சினம். விளையாடின ஆட்டமெல்லாம் படுதோல்வி. ஒரு நாள் காலமை பார்த்தால் அணியையே காணேல்ல. இலங்கையில அப்படியொரு தேசிய அணியே இருக்கேல்ல எண்டு பிறகுதான் தெரிஞ்சது. இதை வைச்சு 2008இல் 'மச்சான்' எண்டு படமும் வந்தது, சிரிச்சுச் சிரிச்சுப் பார்க்கலாம். 2022 பேர்மிங்ஹாம் பொதுநலவாயப் போட்டிக்குப் போன இலங்கை அணியில, நாடு பொருளாதாரத்தில விழுந்து கிடந்த நேரம், பத்துப் பேரளவில காணாமல் போச்சினம். அவையைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வரேல்ல. அந்த வருசம் பெற்றோல் கியூவில நிண்ட ஆருக்கும் வராது. அவை ஓடினதுக்கான காரணமும் உண்மை, அதால இவன் ஓட ஏலாமல் போனதும் உண்மை.

போகக்கூடிய இடங்களும் இருக்கு. 2023 நவம்பரில பிலிப்பைன்ஸில நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிக்கு முள்ளியவளையிலிருந்து அகிலத்திருநாயகி அம்மா போனா. 72 வயசு. 1500 மீற்றர் ஓட்டத்திலயும் 5000 மீற்றர் வேகநடையிலயும் தங்கம். குடாநாட்டுக்கு வெளியில உள்ள ஊர்தான், ஆனாலும் இந்தக் கட்டுரையில அவவை விட மனமில்லை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எங்கட பெடியன் திரும்பப் பயிற்சியைத் தொடங்கினவன்.

இந்த முறை திரும்ப விண்ணப்பிக்க நாங்களும் கூடப் போனம். படிவம் நிரப்பித் தாற கடையில ஒரு அண்ணை இருந்தவர். "பயணத்தின் நோக்கம்?" எண்டு கேட்டார்.

"ஓடுறதுக்கு" எண்டான் இவன்.

அண்ணை தட்டச்சு செய்யிறதை நிப்பாட்டிப்போட்டு, எங்கள் எல்லாரையும் ஒருக்காப் பார்த்தார். "தம்பி," எண்டார், "அதை வேற மாதிரி எழுதுவம்."