இருபத்தைந்து ரூபாய் ஓட்டக்காரன்

1973-ஆம் ஆண்டு காணும் பொங்கலன்று, பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த ஓட்டப் பந்தயத்தில் நான் முதலாவதாக வந்தேன். ஏரிக்கரை மேல் ஓடி, வயல் வரப்பில் இறங்கி, மறுபடி கோவில் வாசலுக்கு வந்து சேர வேண்டும். தூரத்தை யாரும் அளந்தது கிடையாது. காலில் செருப்பும் கிடையாது. பரிசு இருபத்தைந்து ரூபாயும் ஒரு வேட்டியும். இரண்டாவதாக வந்தவன் என் நண்பன். அவனுக்குப் பதினைந்து ரூபாய், ஒரு துண்டு. சைக்கிளில் இருவரும் ஊர் திரும்பினோம். பணத்தை அம்மாவிடம் கொடுத்தேன். அது அரிசியும் மண்ணெண்ணெயுமாக மாறி, ஒரு வாரத்தில் தீர்ந்தது.

அப்போது அரசாங்க வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. கீழ்நிலை எழுத்தர். பிரெஞ்சில் படித்துவிட்டு, இணைப்புக்குப் பிறகு ஆங்கிலத்தில் கோப்பு எழுதக் கற்றுக்கொண்ட தலைமுறை எங்களுடையது. அந்தக் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து, சென்னையில் நடக்கவிருந்த ஒரு போட்டிக்கு ஆள் தேர்வு செய்தார்கள். ஐயாயிரம் மீட்டரில் நான் முதல், நண்பன் இரண்டாவது. ஓடி முடித்ததும் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி. கடைசியில் ஒரு கேள்வி: விளையாட்டுக்காக எப்போதாவது பணம் பெற்றதுண்டா? குமாஸ்தா புத்தி, படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் கை சும்மா இருக்காது. "உண்டு, ரூ. 25, பொங்கல் பந்தயம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் படித்துப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, நீ அமெச்சூர் இல்லை" என்றார். என் பெயர் அடிக்கப்பட்டது. "இல்லை" என்று எழுதிய என் நண்பன் சென்னைக்குப் போனான்.

பிரெஞ்சு படித்த எனக்கு அந்தச் சொல்தான் குழப்பியது. 'அமத்தேர்' என்றால் விரும்புகிறவன், ஒன்றின் மேல் ஆசை கொண்டவன். பள்ளியில் எங்கள் ஆசிரியர் அதைக் கொஞ்சம் இளக்காரமாகவும் சொல்வார்; அரைகுறையாகக் கணக்குப் போட்டுக் கொண்டுபோனால் 'அமத்தேர்' என்பார். ஆனால் இருபத்தைந்து ரூபாய் வாங்கினால் ஆசை போய்விடும் என்று எந்த அகராதியிலும் நான் படித்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு இந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். லண்டனில் 1866-இல் தொடங்கிய அமெச்சூர் அத்லெடிக் கிளப்பின் விதியில், பரிசுப் பணத்துக்கு ஓடியவன் மட்டுமல்ல, கைத்தொழில் செய்பவனும் கூலி வேலை செய்பவனும்கூட அமெச்சூர் ஆக முடியாது என்றே இருந்தது. உடம்பை வருத்திப் பிழைப்பவனோடு கனவான்கள் ஓடக்கூடாதாம்! 1880-இல் வந்த புதிய சங்கம் அந்தத் தொழிலாளி வரியை எடுத்துவிட்டது. பணத்தைப் பற்றிய வரி மட்டும் நின்றது. 1894-இல் குபெர்த்தேன் பிரபு பாரிஸ் சொர்போனில் மாநாடு கூட்டி ஒலிம்பிக்குக்கு உயிர் கொடுத்தபோதும், அழைப்பில் முன்னால் நின்ற விஷயம் இந்த அமெச்சூர் பிரச்சினைதான். பூர்வீகச் சொத்து உள்ளவனுக்கு அந்த விதியால் நஷ்டமில்லை. நாள் கூலிக்காரன் ஒரு நாள் ஓடப் போனால் அன்றைய அடுப்பு எரியாது. விதியை எழுதியவர்கள் வீட்டில் அடுப்பைப் பற்றி யோசிக்க வேலையாட்கள் இருந்திருப்பார்கள்.

அமெரிக்காவின் ஜிம் தோர்ப் 1912-இல் ஸ்டாக்ஹோமில் இரண்டு தங்கம் வென்றார். அதற்கு முன் சில காசுக்குப் பேஸ்பால் ஆடியவர் என்று மறு வருடமே பதக்கங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். பின்லாந்தின் பாவோ நூர்மியை 1932-இல் ஒலிம்பிக்குக்கு வந்த இடத்தில் ஓடவிடவில்லை. பிரான்சின் ழூல் லதுமேக்கையும் அதே 1932-இல் ஆயுள் முழுக்கத் தள்ளி வைத்தார்கள். இவர்கள் பெயரெல்லாம் ஓரளவு எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் போன ஒரு பெயரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் பள்ளியில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சியோனோடு ஊர் திரும்பியவர்களை நாம் அப்படித்தானே சொல்வோம். மழை பெய்து மைதானத்துக்குப் போக முடியாத நாட்களில் அவர் சொல்லும் ஒரே கதை அலேன் மிமூன் கதை. அல்ஜீரியாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் மொந்தே கஸீனோ சண்டையில் காலில் அடிபட்டு, காலையே எடுக்க வேண்டும் என்ற நிலைமை வரை போனவர். பாரிஸில் ஒரு விளையாட்டுக் கிளப்பின் உணவகத்தில் பரிமாறுகிற வேலை. 1948-இலும் 1952-இலும் செக் நாட்டு எமில் சாட்டோபெக்குக்குப் பின்னால் மொத்தம் மூன்று வெள்ளி. 1956 டிசம்பர் 1, மெல்பர்ன் மராத்தான். முப்பத்தைந்து வயது, மார்பில் 13-ஆம் எண். ஊரில் மகள் பிறந்த செய்தி வந்திருந்தது. 2 மணி 25 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். வந்தவர் உட்காரவில்லை, சாட்டோபெக் வரும்வரை காத்திருந்தார். ஆறாவதாக வந்து சேர்ந்த சாட்டோபெக், மிமூன்தான் வென்றார் என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றி, விறைப்பாக நின்று சல்யூட் வைத்து, பிறகு கட்டிக்கொண்டார். இந்த இடத்துக்கு வந்ததும் எங்கள் சொல்தாவும் வகுப்பில் எழுந்து நின்று சல்யூட் வைப்பார். நாங்கள் சிரிப்போம். அவர் கண் கலங்கியிருக்கும்.

அவர் ஒருநாளும் சொல்லாத கதை ஒன்று உண்டு. மிமூனுக்கு இருபத்தெட்டு வருடம் முன்பே, அதே அல்ஜீரியாவிலிருந்து வந்து, அதே பிரெஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அதே மராத்தானை இன்னொருவர் வென்றிருந்தார். புகேரா எல் ஒவாஃபி. அவரும் பட்டாளத்துக்காரர்தான், அங்கேதான் அவர் ஓட்டத்தை ஓர் அதிகாரி கவனித்து பாரிஸுக்கு அனுப்பி வைத்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக் மராத்தானில் ஏழாவது. பிறகு பாரிஸை ஒட்டிய பிய்யாங்கூரில் ரெனோ கார் தொழிற்சாலையில் கூலி வேலை. வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் ஓட்டம். விதிப் புத்தகம் கேட்ட அமெச்சூர் இவரைவிட யார்?

1928 ஆகஸ்ட் 5, ஆம்ஸ்டர்டாம். நம் ஹாக்கி அணி தியான்சந்தோடு போய் முதல் தங்கம் கொண்டுவந்த அதே ஒலிம்பிக். ஒவாஃபி முதலில் அவசரப்படவில்லை. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகத் தளர, கடைசி சில கிலோமீட்டரில் ஜப்பான்காரர் யமதாவையும் தாண்டினார். 2 மணி 32 நிமிடம் 57 விநாடி. சிலி நாட்டு மானுவேல் பிளாசா 26 விநாடி பின்னால். இரண்டரை மணி நேர ஓட்டத்தில் 26 விநாடி என்பது, நம் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைக் கண்ணெதிரே பார்த்தபடி தோற்பது போல.

வென்றவருக்கு அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. போனார், காட்சி ஓட்டங்கள் ஓடினார், பணம் வாங்கினார். தொழிற்சாலைக் கூலிக்காரன் வேறு என்ன செய்வான்? திரும்பி வந்தபோது, நீ இனி அமெச்சூர் இல்லை என்று பிரான்சில் கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்த ஒலிம்பிக் இல்லை, உள்ளூர்ப் பந்தயம்கூட இல்லை. கொண்டுவந்த பணத்தைக் காபிக் கடை ஒன்றில் போட்டார், கூட்டாளி ஏமாற்றிவிட்டார் என்று சொல்வார்கள். மிச்சமிருந்தது வறுமை. பெயரும் மறந்து போயிற்று.

1956-இல் மிமூன் வென்று திரும்பியபோதுதான், அவருக்கு முன்னால் இன்னொருவர் இருந்தாரே என்று சிலருக்கு நினைவு வந்தது. ஜனாதிபதி ரெனே கொத்தி எலிசே மாளிகையில் கொடுத்த வரவேற்புக்கு மிமூன் அந்தக் கிழவரையும் அழைத்துக்கொண்டு போனார். எனக்கு மிமூன் மேல் மரியாதை மெல்பர்னுக்காக மட்டுமல்ல, இதற்காகவும்தான். மூன்று வருடம் கழித்து, 1959 அக்டோபரில், பாரிஸை ஒட்டிய சேன்தெனியில் ஒவாஃபி சுட்டுக் கொல்லப்பட்டார். அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம். குடும்பத் தகராறு என்பவர்களும் உண்டு, அரசியல் என்பவர்களும் உண்டு.

எங்கள் சொல்தாவுக்கு இந்தக் கதை தெரிந்திருக்குமா என்று அடிக்கடி யோசிக்கிறேன். அவரும் அந்நியக் கொடிக்குக் கீழே நின்றவர்தான். தெரிந்திருந்தால் சொல்ல மனம் வந்திருக்காது. வென்றவனுக்குச் சல்யூட் வைப்பது சுலபம்.

என் விஷயத்துக்கு வருகிறேன். ஒவாஃபி கதையோடு என் இருபத்தைந்து ரூபாயை ஒப்பிடுவது அதிகப்பிரசங்கித்தனம், தெரியும். எனக்கு வேலை இருந்தது, பென்ஷன் இருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணாடிக்காரரின் பார்வை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். 1970-களில் ஒலிம்பிக் விதியிலிருந்து அமெச்சூர் என்ற சொல் போய்விட்டது. உலகத் தடகளச் சங்கம் தன் பெயரிலிருந்து அதை எடுத்தது 2001-இல்தான். அரசாங்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், விதி செத்த பிறகும் பெயர்ப்பலகை கொஞ்ச காலம் தொங்கும்.

இப்போது காற்று மறுபக்கம் வீசுகிறது. எங்கள் தெருப் பையன் ஒருவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். சென்னைப் பக்கம் நடக்கும் டிரையத்லான்களுக்குப் போய் வருகிறான். முதலில் நீச்சல், ஈரம் சொட்டச் சொட்ட சைக்கிள், பிறகு ஓட்டம். இது அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது என்றான். 1974-இல் சான் டியேகோவில் அந்தப் பெயரோடு நடந்தது உண்மை. 1978-இல் ஹவாயில் பதினைந்து பேர் கிளம்பி, பன்னிரண்டு பேர் முடித்த அந்த நீண்ட பந்தயமும் உண்மை. ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே பிரான்சில் மார்ன் நதிக்கரையில் 'மூன்று விளையாட்டு' என்ற பெயரில் ஓட்டம், சைக்கிள், நீச்சல் மூன்றையும் சேர்த்துப் பந்தயம் வைத்திருக்கிறார்கள் என்றேன். அவன் உடனே கைப்பேசியில் தேடிப் பார்த்து, "ஆமாம் தாத்தா" என்றான். நம் வார்த்தைக்கு அவ்வளவுதான் மதிப்பு.

பரிசு எவ்வளவுடா என்று கேட்டேன். பரிசா? நாம்தான் கட்ட வேண்டும் தாத்தா, நுழைவுக் கட்டணம் சில ஆயிரம் என்றான். சைக்கிள் விலையைச் சொன்னபோது நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். காசு வாங்கினால் அமெச்சூர் இல்லை என்றார்கள் அன்று. இன்று காசு கட்டியல்லவா அமெச்சூர் ஆக வேண்டியிருக்கிறது! ஒவாஃபி போன்ற கூலிக்காரனுக்கு அன்றும் இடமில்லை, இன்றும் வாசலில் சீட்டு கேட்கிறார்கள். பையனைக் குறை சொல்லவில்லை. விடியற்காலை நாலரைக்கு எழுந்திருக்கிறான். அந்த ஆசை பொய்யில்லை.

ஆரோவில்லில் 2008 முதல் ஒரு மராத்தான் நடக்கிறது. செம்மண் காட்டுப் பாதை, விடிவதற்கு முன்பே தொடக்கம், பரிசு என்று எதுவும் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு வருடம் பத்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தேன். நண்பனையும் இழுத்துக்கொண்டு போனேன். பாதி ஓட்டம், பாதி நடை. முந்திரித் தோப்பு ஓரமாக மூச்சு வாங்க நின்றபோது, எதிர்பாராமல் அவன் அந்தப் படிவத்தைப் பற்றிப் பேசினான். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் எங்கள் இருவருக்கும் நடுவில் வராத பேச்சு.

"நீ எழுதினதை நான் பார்த்தேன்டா. பார்த்துட்டுத்தான் இல்லைன்னு எழுதினேன்" என்றான்.

"சென்னையில எத்தனாவது வந்தே?" என்று கேட்டேன். அதையும் நான் அதுவரை கேட்டதில்லை.

"கடைசிக்கு முந்தினவன்" என்றான். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பின்னால் வந்த ஒரு பெண்பிள்ளை, ஏதாவது உடம்புக்கு ஆகவில்லையோ என்று நின்று தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவன் போய் ஐந்து வருடமாகிறது. போன வாரம் தெருப் பையன் என் பழைய ஓட்டத்தைப் பற்றி விசாரித்தான். ஐயாயிரம் மீட்டருக்கு உங்கள் டைமிங் என்ன தாத்தா என்றான். எங்களிடம் கடிகாரம் ஏது? முதலியார்பேட்டையில் ஆலைச் சங்கு ஊதும்போது கிளம்புவோம். கடலூர் ரோட்டில் அரியாங்குப்பம் பாலம் வரை போய்த் தொட்டுவிட்டு, அடுத்த சங்குக்குள் திரும்பிவிடுவோம். அதுதான் எங்கள் டைமிங் என்றேன். எந்த ஆலை என்று கேட்டான். கைகாட்டினேன். பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தை அழுத்திக்கொண்டு ஓடிப் போனான்.